சென்டினல்-2 படத்தில் கடற்புல் எல்லை உண்மையில் எங்கே முடிகிறது?

#1 ஆழி12

வணக்கம். ஒரு விரிகுடாவின் கடற்படுகை வாழிட வரைபடம் தயாராகிக்கொண்டிருக்கிறது. பரப்பு சுமார் 2,000 ஹெக்டேர், ஆழம் 0 முதல் 14 மீட்டர் வரை. வகைகள் மூன்று: கடற்புல், மணல், பாசி படர்ந்த பாறை. நங்கூரம் போடக் கூடாத பகுதியின் எல்லையை இதை வைத்துத்தான் வரையப்போகிறார்கள். அதனால் எல்லைக்கோடு சரியாக இருந்தே ஆக வேண்டும்.

எடுத்தது ஒரே ஒரு சென்டினல்-2 லெவல்-2ஏ படம். செயற்கைக்கோள் படம், வளிமண்டலத் திருத்தம் செய்தே வருவது. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று நிறப் பட்டைகள், பிக்சல் 10 மீட்டர். வகைப்படுத்தும் மாடல் ராண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கை எடுப்பது), 500 மரங்கள். களப்புள்ளிகள் 240. அதில் 70 சதவீதம் பயிற்சிக்கு, 30 சதவீதம் சோதனைக்கு. துல்லியம் 92 சதவீதம் வந்திருக்கிறது.

சிக்கல் இதுதான்: கால்வாய் ஓரம் 11–12 மீட்டர் ஆழத்தில் நீளமான பட்டை ஒன்றை "அடர்ந்த கடற்புல்" என்று மாடல் காட்டுகிறது. கேமராவை இறக்கிப் பார்த்தால் அங்கே வெறும் மணல். அதே நேரம் 8 மீட்டருக்கு அப்பால் ஐதான புல் இருக்கும் இடங்களை மணல் என்கிறது. 92 சதவீதம் வந்த மாடல் ஏன் இப்படிச் செய்கிறது? எதைத் திருத்துவது?

#2 நீரொளி

மாடலைக் குறை சொல்ல வேண்டாம். நீங்கள் அதற்குக் கொடுத்தது கடற்படுகையின் நிறம் அல்ல, தண்ணீர் வழியாகத் தெரியும் நிறம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். பச்சைப் பட்டையில் தண்ணீரின் ஒளிமங்கல் கெழு மீட்டருக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். ஒளி கீழே போய் மேலே திரும்ப வேண்டும், ஆகவே இரு மடங்குத் தொலைவு. 2 மீட்டர் ஆழத்தில் 67 சதவீதம் மிஞ்சும், 12 மீட்டரில் வெறும் 9 சதவீதம். வெள்ளை மணலின் எதிரொளிப்பு 0.30, அடர்ந்த கடற்புல்லின் எதிரொளிப்பு 0.05 என்று எடுத்துக்கொண்டால், 2 மீட்டரில் இருக்கும் புல் 0.034 ஆகத் தெரியும். 12 மீட்டரில் இருக்கும் வெள்ளை மணல் 0.027 ஆகத் தெரியும். ஆழத்து மணல், ஆழம் குறைந்த இடத்துப் புல்லைவிட இருட்டு! தண்ணீரே சிதறடிக்கும் ஒளியை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் சற்று மாறும், ஆனால் குழப்பம் அப்படியே இருக்கும். உங்கள் கால்வாய் ஓரத்தில் நடப்பது இதுதான்.

சிவப்புப் பட்டையை நம்பியும் பயனில்லை. 665 நானோமீட்டரில் சுத்தமான தண்ணீர்கூட மீட்டருக்கு 0.43 அளவில் ஒளியை உறிஞ்சிவிடும். 3 மீட்டரில் 8 சதவீதம்தான் திரும்பி வரும், 5 மீட்டரில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது 4 மீட்டருக்குக் கீழே உங்களிடம் இருப்பது நீலமும் பச்சையும் மட்டும். இரண்டு பட்டையை வைத்து ஆழம், படுகை, கலங்கல் என்று மூன்று அறியாத எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களை முதலில் சரிபார்த்துவிடுங்கள். லெவல்-2ஏ படத்தின் வளிமண்டலத் திருத்தம் நிலப்பரப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. நீருக்கு அகோலைட் போன்ற கருவியில் லெவல்-1சி படத்திலிருந்து (வளிமண்டலத் திருத்தம் செய்யாதது) தொடங்குவது நல்லது. அடுத்து, 2022 ஜனவரி 25-க்குப் பிந்தைய படங்களில் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1,000 கூடுதலாக வைத்துத் தருகிறார்கள். அதைக் கழித்த பிறகுதான் 10,000-ஆல் வகுக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் எதிரொளிப்பு 0.1 கூடிவிடும். நிலத்தில் இது ஒரு பிழை. கடலில் உங்கள் மொத்த சமிக்ஞையே 0.03 என்னும்போது, எல்லாமே போய்விடும். சில இணையத் தளங்கள் இதைத் தாங்களே கழித்துத் தருகின்றன, ஆகவே இருமுறை கழித்துவிடவும் கூடாது. ஆழ்நீர்ப் பிக்சல் ஒன்றின் மதிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

#3 ஆழி12

நன்றி நீரொளி சார். 0.034-க்கும் 0.027-க்கும் உள்ள அந்த ஒப்பீடு கண்ணைத் திறந்துவிட்டது. 1,000 கழிக்கப்பட்டிருக்கிறது, பார்த்துவிட்டேன். இப்போது கேள்வி: லைசெங்கா முறையில் ஆழச்சார்பற்ற குறியீடு (ஆழம் மாறினாலும் ஒரே படுகைக்கு ஒரே மதிப்பு தரும் எண்) எடுப்பதா, அல்லது ஆழத்தையே ஒரு உள்ளீடாக மாடலுக்குக் கொடுத்துவிடுவதா?

#4 மடக்கை

இரண்டும் செய்யலாம். ஒவ்வொன்றும் எங்கே கவிழும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

லைசெங்கா முறைக்கு உங்களுக்கு வேண்டியது வெவ்வேறு ஆழத்தில் இருக்கும் ஒரே மாதிரி மணல். 2 மீட்டரிலிருந்து 12 மீட்டர் வரை பரவலாகப் பத்துப் பதினைந்து திட்டுகளைக் கையால் வரைந்து, சில நூறு பிக்சல்களை எடுங்கள். ஆழ்நீரின் சராசரி மதிப்பை ஒவ்வொரு பட்டையிலிருந்தும் கழித்து, இயல் மடக்கை எடுங்கள். நீலத்தின் மாறுபாட்டிலிருந்து பச்சையின் மாறுபாட்டைக் கழித்து, இரண்டின் உடன்மாறுபாட்டின் இரு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும், அதை "அ" என்போம். அ-வின் வர்க்கத்தோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதோடு அ-வைக் கூட்டினால் கிடைப்பதே நீலம்-பச்சை ஒளிமங்கல் விகிதம். நீல மடக்கையிலிருந்து, இந்த விகிதத்தால் பெருக்கிய பச்சை மடக்கையைக் கழித்தால் குறியீடு தயார்.

சாதாரணப் பின்னடைவுக் கோட்டின் சாய்வை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு பட்டையிலும் இரைச்சல் இருப்பதால் அந்தச் சாய்வு எப்போதும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அதற்காகத்தான் இந்தச் சுற்றுவழிச் சூத்திரம்.

எங்கே தவறும்: ஆழ்நீர் மதிப்பைக் கழித்ததும் ஆழமான பிக்சல்கள் சில எதிர்மறை ஆகும், மடக்கை எடுக்க முடியாது. பலர் அங்கே ஒரு சிறு எண்ணைத் திணித்து ஒப்பேற்றுகிறார்கள். செய்யாதீர்கள், அந்தப் பிக்சல்கள் "தகவல் இல்லை" என்றே இருக்கட்டும். இன்னொன்று, மணல் எல்லாம் ஒரே மணல் அல்ல. மேட்டில் சிப்பித்தூள் கலந்த வெள்ளை மணலும் கால்வாயில் நுண்பாசி படிந்த சாம்பல் மணலும் இருந்தால், விகிதம் ஆழத்தை அளக்காமல் மணலின் நிறத்தை அளந்துவிடும். மூன்றாவது, ஆறு வந்து சேரும் மூலையில் கலங்கலும் மறு மூலையில் தெளிவுமாக இருந்தால் முழு விரிகுடாவுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. பிரித்துச் செய்யுங்கள்.

ஆழத்தை உள்ளீடாகக் கொடுப்பதில் வேறொரு பொறி. உங்கள் 240 புள்ளிகளில் கடற்புல் புள்ளிகள் பெரும்பாலும் 2–5 மீட்டரில் இருந்தால், "ஆழம் குறைவு என்றால் புல்" என்று மாடல் கற்றுக்கொள்ளும். படத்தையே பார்க்காது. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு 2 மீட்டர் ஆழப் படியிலும் புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஓர் அட்டவணை போட்டுப் பாருங்கள். காலி கட்டம் இருந்தால் அங்கே படகு போக வேண்டும்.

#5 ஃபோட்டான்

ஆழத் தரவு இல்லையென்றால் ஐஸ்சாட்-2 என்ற லேசர் செயற்கைக்கோள் உதவும். 2018 முதல் சுற்றி வருகிறது, இலவசம். 532 நானோமீட்டர் பச்சை லேசர், தடத்தின் நெடுக ஏறக்குறைய 0.7 மீட்டருக்கு ஒரு துடிப்பு. ஏடிஎல்03 என்ற அதன் ஃபோட்டான் தரவுக் கோப்பை எடுத்து வரைந்தால் நீர்மட்டம் ஒரு கோடாகவும் அதற்குக் கீழே படுகை மெல்லிய இன்னொரு கோடாகவும் தெரியும்.

ஆனால் அந்த இரண்டாவது கோட்டை அப்படியே ஆழம் என்று எடுக்காதீர்கள். தண்ணீரில் ஒளியின் வேகம் குறைவு, ஒளிவிலகல் எண் 1.34. கோப்பில் 10 மீட்டர் என்று தெரிந்தால் உண்மை 7.5 மீட்டருக்கு அருகில். ஏடிஎல்03-இல் இந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்காது. அதோடு உயரங்கள் நீள்வட்டத் தளத்திலிருந்து தரப்பட்டவை, கடல்மட்டத்திலிருந்து அல்ல. லேசர் கடந்த நேரத்து ஓதமட்டத்தையும், சென்டினல் படம் எடுத்த நேரத்து ஓதமட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்றவற்ற வேறுபாடு 2 மீட்டர் இருக்கும் இடத்தில் இதை விட்டுவிட்டால், 4 மீட்டர் ஆழ மணல்மேடு 6 மீட்டர் ஆகிவிடும்.

இப்படிக் கிடைத்த புள்ளிகளை வைத்து ஸ்டம்ப் விகித முறையை அளவுதிருத்தலாம்: நீலத்தை 1,000-ஆல் பெருக்கி மடக்கை, பச்சையை 1,000-ஆல் பெருக்கி மடக்கை, முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வந்ததை ஆழத்தோடு நேர்கோட்டில் பொருத்துவது. தடத்தின் மேல் விழாத இடங்களுக்கும் ஆழம் வந்துவிடும். அடர்ந்த புல்லின் மேல் மட்டும் எச்சரிக்கை: இந்த முறை பெரும்பாலும் அங்கே ஆழத்தைப் பிழையாகக் காட்டும். அதை மீண்டும் புல்லைக் கண்டுபிடிக்க உள்ளீடாகக் கொடுத்தால், பிழை சுற்றிச் சுற்றி வரும். முடிந்தால் படகின் எதிரொலிமானி ஆழத்தை முதன்மையாகவும், இதை இடைவெளி நிரப்பவும் வையுங்கள்.

#6 பாசிமலர்

> மேற்கோள், ஆழி12: "எடுத்தது ஒரே ஒரு சென்டினல்-2 லெவல்-2ஏ படம்"

இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரே படத்தில் மேகநிழலும் கடற்புல்லும் ஒன்றுபோல இருக்கும். அறுந்து மிதக்கும் பாசிக் குவியலும், புல் சருகு ஒதுங்கிய பள்ளமும் அப்படித்தான். ஒரே பருவத்தில் குறைந்தது மூன்று நல்ல படம் எடுங்கள். இரண்டு செயற்கைக்கோளும் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை வருவதால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. மூன்றிலும் அதே இடத்தில் இருக்கும் இருட்டு படுகையைச் சேர்ந்தது. ஒன்றில் மட்டும் இருப்பது வந்து போவது. மூன்று படத்தையும் கலந்து இடைநிலை எடுப்பதானால், ஓதமட்டம் நெருக்கமாக உள்ள நாட்களையே சேருங்கள். ஏற்றத்தில் ஒன்று, வற்றத்தில் ஒன்று என்று கலந்தால் ஆழமும் கலந்துவிடும்.

சூரிய மினுக்கம் இருந்தால் அகச்சிவப்புப் பட்டையை வைத்து நீக்குகிறோம். ஆழ்நீர்ப் பகுதியில் பச்சைக்கும் அகச்சிவப்புக்கும் சாய்வு கண்டு, ஒவ்வொரு பிக்சலிலும் அகச்சிவப்பு எவ்வளவு கூடுதலோ அந்த அளவுக்குப் பச்சையிலிருந்து கழிப்பது. "அகச்சிவப்பு தண்ணீருக்குள் போகாது, வருவதெல்லாம் மேற்பரப்பு மினுக்கமே" என்பதே இதன் அடிப்படை. அரை மீட்டர் தண்ணீரில் இலைநுனி மேலே மிதக்கும் புல்வெளியில் அந்த அடிப்படையே பொய். புல் அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பும், அதை மினுக்கம் என்று நினைத்துக் கழித்து, நல்ல புல்வெளியைக் கரும்புள்ளியாக்கிவிடுவோம். 1 மீட்டருக்கு உட்பட்ட இடங்களைத் தனியாக முகமூடி போட்டு (படத்தில் மறைத்துப் பிரித்து), மினுக்கத் திருத்தம் செய்யாத படத்திலிருந்து வகைப்படுத்துங்கள்.

வகைப்பட்டியலையும் ஒருமுறை யோசியுங்கள். "கடற்புல்" என்று ஒரே பெட்டி வைத்தால் 10 சதவீதம் புல் இருக்கும் மணலும் 90 சதவீதம் புல் இருக்கும் தரையும் ஒன்றாகிவிடும். ஹாலோஃபிலா போன்ற சிறிய இலைப் புற்கள் ஐதாகத்தான் படரும், ஆழமான பக்கத்திலும் கலங்கலான பக்கத்திலும் பெரும்பாலும் அவைதான். நங்கூரம் இழுபட்டால் வேரோடு வருவதும் அவைதான். களத்தில் வகைப் பெயரை மட்டும் எழுதாமல் மூடல் சதவீதத்தை எழுதுங்கள். வகையைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். வகையிலிருந்து சதவீதத்துக்குத் திரும்பிப் போக முடியாது.

#7 துடுப்பு

கேமரா இறக்குவது பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் பாதிப் பிழை வருகிறது.

கயிறு நேராக நிற்காது. 12 மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் கயிற்றை 30 பாகை சாய்த்தால், கேமரா படகிலிருந்து கிட்டத்தட்ட 7 மீட்டர் தள்ளிக் கிடக்கும். ஜிபிஎஸ் படகில் இருக்கிறது, அதன் சொந்த வழு 3–5 மீட்டர். மொத்தம் 10 மீட்டர், அதாவது ஒரு முழு பிக்சல். புல் எல்லையில் எடுத்த புள்ளி என்றால் வகையே மாறிவிடும். ஆகவே பயிற்சிப் புள்ளிகளை 30 மீட்டருக்கு 30 மீட்டர் ஒரே மாதிரியான திட்டின் நடுவில் எடுங்கள். கேமராச் சட்டத்துக்கு 4–5 கிலோ எடை கட்டுங்கள், மெல்லிய கயிறு போடுங்கள், தடித்த கயிறு பாய்மரம் மாதிரி நீரோட்டத்தைப் பிடிக்கும். ஜிபிஎஸ் வாங்கியைப் படகின் நடுவில் வைக்காமல் கயிறு இறங்கும் பக்கத்தில் கட்டுங்கள்.

கேமராக் கடிகாரமும் ஜிபிஎஸ் கடிகாரமும் ஒத்துப்போகாது. கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஜிபிஎஸ் திரையில் நொடி ஓடுவதை அதே கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பிறகு எவ்வளவு விலகல் என்று கழித்துக்கொள்ளலாம். இது இல்லாமல் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மிதக்கும் படகில் 40 நொடி வித்தியாசம் என்றால் 20 மீட்டர் போச்சு.

ஓர் இடத்தில் ஒரு படம் போதாது. 50-க்கு 50 சென்டிமீட்டர் சட்டம் கால் சதுர மீட்டர்தான், பிக்சலோ 100 சதுர மீட்டர். ஐந்து முறை, சில மீட்டர் தள்ளித் தள்ளி இறக்குங்கள். படத்தின் மேல் 50 சமவாய்ப்புப் புள்ளிகளைப் போட்டு எண்ணினால், 20 சதவீத மூடலுக்கு வழு கூட்டல்-கழித்தல் 11 சதவீதம். ஐந்து படத்தில் 250 புள்ளி என்றால் 5 சதவீதத்துக்கு இறங்கும், ஐந்து படமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால். தானியங்கிப் படக்குறிப்புக் கருவிகள் அடர்ந்த புல்லை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் சிறிய இலைப் புல்லையும் மணலில் ஒட்டிய பாசியையும் குழப்பும், அவற்றை மட்டுமாவது கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. "இங்கே எதுவும் இல்லை" என்ற புள்ளிக்கும் அதே மரியாதை கொடுங்கள். படகு ஓட்டுகிறவருக்குப் புல் இருக்கும் இடம் தெரியும், அங்கேயே கூட்டிப்போவார். வெறும் மணலில் நேரம் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. அந்த மணல் புள்ளிகள் இல்லாததால்தான் கால்வாய் ஓரத்தில் மாடலுக்கு யாரும் "இது மணல்" என்று சொல்லித்தரவில்லை.

#8 ஆழி12

துடுப்பு அண்ணா, அட்டவணை போட்டுப் பார்த்தேன். நீங்களும் மடக்கை அவர்களும் சொன்னது அப்படியே இருக்கிறது. 10 மீட்டருக்குக் கீழே மணல் புள்ளி வெறும் 4. கடற்புல் புள்ளியில் முக்கால்வாசி 5 மீட்டருக்கு உள்ளே.

8 மீட்டருக்கு அப்பால் பக்கவாட்டு சோனார் (ஒலியால் படுகையைப் படமெடுக்கும் கருவி) ஓட்டலாமா? அல்லது ட்ரோன்?

#9 ஒலிக்கதிர்

ட்ரோனும் ஒளியைத்தான் நம்புகிறது. பிக்சல் 5 சென்டிமீட்டர் ஆவதால் 10 மீட்டர் தண்ணீர் தெளிந்துவிடாது. 3–4 மீட்டருக்குள் திட்டுகளின் ஓரத்தைத் துல்லியமாக வரையவும், நங்கூரத் தழும்புகளைக் காணவும் அது அருமையான கருவி. அதிகாலையில், சூரியன் தாழ்வாக இருக்கும்போது, காற்று நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழ், வற்றம் பார்த்துப் பறக்கவிடுங்கள். 80 சதவீத மேற்பொருத்தம். வெறும் மணல் மேல் படங்களை ஒட்டவைக்க அடையாளமே இருக்காது, மென்பொருள் தடுமாறும். மிதவையை ஒரே இடத்தில் நிற்கும்படி நங்கூரமிட்டு அடையாளமாக வைக்கலாம்.

8 மீட்டருக்குக் கீழே ஒலிதான். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். பக்கத்துக்கு 30 மீட்டர் வீச்சு, அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 45 மீட்டர் வைத்தால் 15 மீட்டர் மேற்பொருத்தம் கிடைக்கும். 20 சதுர கிலோமீட்டரை முழுதாக முடிக்க 444 கிலோமீட்டர் ஓட வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் 74 மணி நேரம், திரும்பும் நேரம் இல்லாமல். முழுதாகச் செய்யாதீர்கள். 7 மீட்டர் முதல் 14 மீட்டர் வரையுள்ள சரிவை மட்டும் எடுங்கள். தடத்தை ஆழக்கோட்டுக்கு இணையாக ஓட்டினால் வீச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

மீன்தேடும் கருவியோடு வரும் 455 மற்றும் 800 கிலோஹெர்ட்ஸ் பக்கவாட்டு சோனார் இந்த ஆழத்துக்குப் போதும். 800-இல் படம் கூர்மை, வீச்சு குறைவு. 455-இல் தூரம் போகும். படகுக்கு நேர் கீழே ஒரு குருட்டுப் பட்டை இருக்கும், அங்கே தெரிவதை வகைப்படுத்தாதீர்கள், 45 மீட்டர் இடைவெளியில் பக்கத்துத் தடத்தின் 30 மீட்டர் வீச்சும் அதை எட்டாது. ஒலிவாங்கியை விசைப்பொறியின் நுரைக்குப் பக்கத்தில் கட்டினால் படமெல்லாம் வெள்ளைக் கோடு. பக்கவாட்டில் கம்பத்தில், நுரை வராத ஆழத்தில் கட்டுங்கள். வளைவில் எடுத்த பகுதியை வெட்டி எறியுங்கள், வெளிப்பக்கம் இழுபட்டும் உள்பக்கம் மடிந்தும் இருக்கும்.

கடற்புல்லின் இலைக்குள் காற்றறைகள் உண்டு, ஒலி அதில் நன்றாக எதிரொலிக்கும். சோனாரில் பிரகாசமான, சொரசொரப்பான, ஓரம் கிழிந்த திட்டாக வரும். அலைவரி படிந்த மணலும் பிரகாசமாக வரும், ஆனால் அதில் ஒழுங்கான கோடுகள் இருக்கும். பாறை என்றால் பின்னால் கறுப்பு நிழல் விழும். நிழலை வைத்து உயரமே கண்டுபிடிக்கலாம்: ஒலிவாங்கி படுகையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், நிழல் 18 மீட்டர் தொலைவில் தொடங்கி 20 மீட்டரில் முடிந்தால், நிழல் நீளம் 2-ஐ 4-ஆல் பெருக்கி 20-ஆல் வகுங்கள், 0.4 மீட்டர். புல் திட்டுக்கு இப்படித் தெளிவான நிழல் அரிது.

ஐதான சிறிய இலைப் புல்லை மட்டும் சோனார் தவறவிடும். அங்கே கேமராவுக்கு மாற்று இல்லை.

#10 மடக்கை

இப்போது அந்த 92 சதவீதத்துக்கு வருவோம். புள்ளிகள் கொத்துக்கொத்தாக எடுக்கப்பட்டவை என்றால், 70-30 என்று குலுக்கிப் பிரிக்கும்போது ஒரே திட்டின் ஒரு புள்ளி பயிற்சியிலும் பக்கத்துப் புள்ளி சோதனையிலும் விழும். வினாத்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போலத்தான். விரிகுடாவைச் சில நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தையே முழுதாகப் பயிற்சிக்கோ சோதனைக்கோ ஒதுக்குங்கள். எண் குறையும். அந்தக் குறைந்த எண்தான் உண்மைக்கு அருகில் இருப்பது.

அதைவிட முக்கியம் பரப்பு. வரைபடத்தில் நிறமிட்ட பிக்சல்களை எண்ணிப் பரப்பு என்று எழுதாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டு, எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 2,000 ஹெக்டேரில் வரைபடம் கடற்புல் 400, மணல் 1,000, பாறை 600 என்கிறது. ஒவ்வொரு வகைக்குள்ளும் சமவாய்ப்பாக 75 புதுப் புள்ளிகள், மொத்தம் 225. படகில் போய்ப் பார்த்தால், "புல்" என்ற 75-இல் 60 உண்மையில் புல். "மணல்" என்ற 75-இல் 9 புல், 63 மணல். "பாறை" என்ற 75-இல் 6 புல், 66 பாறை.

புல்லின் உண்மைப் பங்கு: 0.2 பெருக்கல் 60/75, கூட்டல் 0.5 பெருக்கல் 9/75, கூட்டல் 0.3 பெருக்கல் 6/75. அதாவது 0.16 + 0.06 + 0.024 = 0.244. பரப்பு 488 ஹெக்டேர், 95 சதவீத நம்பகத்தில் கூட்டல்-கழித்தல் 90. வரைபடம் சொன்னதோ 400. மொத்தத் துல்லியம் 84 சதவீதம் வருகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் இருக்கும் புல்லில் 66 சதவீதத்தைத்தான் வரைபடம் பிடித்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு புல் வேறு நிறத்தில் ஒளிந்திருக்கிறது. நங்கூரத் தடைக்கு அந்த எண்தான் தேவை, 84 அல்ல.

அந்த 0.06-ஐப் பாருங்கள். "மணல்" என்ற பெரிய வகைக்குள் வெறும் 12 சதவீதப் பிழை, ஆனால் பரப்பில் 120 ஹெக்டேர் புல். வழுவில் பெரும்பகுதியும் அங்கிருந்தே வருகிறது. கூடுதலாக 50 புள்ளி போட முடிந்தால் மணல் வகைக்குள் போடுங்கள், அதிலும் புல் எல்லையை ஒட்டிய 50 மீட்டர் பட்டையைத் தனி அடுக்காகப் பிரித்து அதில் போடுங்கள். இந்தச் சோதனைப் புள்ளிகளை எந்தக் காரணத்துக்காகவும் மாடலின் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. கப்பா எண்ணை (தற்செயலான பொருத்தத்தைக் கழித்த துல்லிய அளவு) கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்டால் பிழை அட்டவணையை முழுதாகக் கொடுங்கள், அதிலிருந்து எதை வேண்டுமானாலும் கணக்கிடலாம்.

#11 ஆழி12

அப்படியானால் 14 மீட்டர் வரை வரைபடம் போடுவதே தவறா? எல்லையை எந்த ஆழத்தில் நிறுத்துவது?

#12 நீரொளி

இதுதான் தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்வி. பதில் ஒரே ஆழம் அல்ல.

முதலில் உங்கள் படத்தின் இரைச்சலை அளந்துகொள்ளுங்கள்: ஆழ்நீரில் சில ஆயிரம் பிக்சல் எடுத்து, பச்சைப் பட்டையின் திட்ட விலக்கம் காணுங்கள். அது 0.003 என்று வைப்போம். மணலும் புல்லும் வேறு வேறு என்று உறுதியாகச் சொல்ல அதன் மூன்று மடங்கு, 0.009 வேறுபாடாவது வேண்டும். மேலே சொன்ன எதிரொளிப்புப்படி, தண்ணீர் இல்லாதபோது அடர்ந்த புல்லுக்கும் மணலுக்கும் வேறுபாடு 0.25. ஒளிமங்கல் கெழு 0.1 என்றால் அது 0.009 ஆகக் குறைய 16.6 மீட்டர் ஆகும். ஆக, 14 மீட்டர் வரை அடர்ந்த புல் தெரியும்.

இப்போது 20 சதவீத மூடல் கொண்ட ஐதான புல்லுக்கு அதையே போடுங்கள். வேறுபாடு 0.05 மட்டுமே. 8.6 மீட்டரில் அது இரைச்சலில் மூழ்கிவிடும். 8 மீட்டருக்கு அப்பால் ஐதான புல்லை மாடல் மணல் என்பதன் காரணம் இதுதான். அங்கே புல் முடியவில்லை, படத்தின் பார்வை முடிகிறது. கலங்கல் கூடி கெழு 0.2 ஆனால் இரண்டு எண்களும் பாதி: அடர்ந்த புல்லுக்கு 8.3 மீட்டர், ஐதான புல்லுக்கு 4.3 மீட்டர்.

அதனால் வரைபடத்தில் நான்காவது வகை ஒன்று வேண்டும்: "ஒளியால் முடிவு செய்ய இயலாத பகுதி". சாம்பல் நிறத்தில், மணலோடு சேர்க்காமல். சோனாரும் கேமராவும் போன பிறகு அதிலிருந்து சிறிது சிறிதாக வெட்டி மற்ற வகைகளுக்கு மாற்றுங்கள். எல்லையை வரைகிறவர்களிடம் கோட்டை மட்டும் கொடுக்காமல், பிக்சல் வாரியாகப் புல்லின் நிகழ்தகவு அடுக்கையும் கொடுங்கள். 0.5-இல் வெட்டுவதா 0.3-இல் வெட்டுவதா என்பது பாதுகாப்பு முடிவு, தொலையுணர்வு முடிவு அல்ல. நங்கூரம் இழுபடும் தூரத்துக்கான இடைவெளியும் அந்த முடிவில் சேர வேண்டும்.

#13 பாசிமலர்

நீரொளி சொன்னதோடு ஒன்று. அந்தச் சாம்பல் பகுதியை "புல் இல்லை" என்று யாரும் படித்துவிடாதபடி கோப்பின் உள்ளேயே எழுதிவையுங்கள், குறிப்பு அறிக்கையில் மட்டும் இருந்தால் கோப்பு ஒரு பக்கம், அறிக்கை ஒரு பக்கம் போய்விடும். படம் எடுத்த நாள், ஓதமட்டம், களப்பணி நடந்த நாட்கள், குறைந்தபட்ச வரைபட அலகு எத்தனை பிக்சல், ஒவ்வொரு வகைக்கும் மூடல் சதவீத வரம்பு, எல்லாம். புல்வெளி பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும். அடுத்த முறை அளப்பவர் வேறு பருவத்துப் படத்தை எடுத்துவிட்டு "புல் அழிந்துவிட்டது" என்று எழுதும் நிலை வரக் கூடாது.

#14 ஆழி12

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தது: ஓதமட்டம் நெருங்கிய மூன்று படம், அகோலைட், 1 மீட்டருக்கு உட்பட்ட பகுதிக்குத் தனி முகமூடி. கிழக்கு மூலையில் ஆற்றுக் கலங்கல் இருப்பதால் லைசெங்கா விகிதம் இரண்டாகப் பிரித்து. 7–14 மீட்டர் சரிவு ஏறக்குறைய 4.5 சதுர கிலோமீட்டர், அதற்கு 100 கிலோமீட்டர் சோனார் தடம், 17 மணி நேரம். காலி கட்டங்களுக்கு 60 பயிற்சிப் புள்ளி, தனியாக 225 சோதனைப் புள்ளி.

ஒரே ஐயம்: சோனார் ஓட்டுவது முதலிலா, சோதனைப் புள்ளிகள் முதலிலா?

#15 மடக்கை

சோனார், பயிற்சிப் புள்ளிகள், இறுதி வரைபடம், அதற்குப் பிறகுதான் சோதனைப் புள்ளிகள். வரைபடத்தின் வகைகளுக்குள் குலுக்கித்தான் அவற்றை எடுக்க வேண்டும், வரைபடமே இல்லாமல் எடுக்க முடியாது. இரண்டுக்கும் இடையில் ஒரு பருவம் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பல் பகுதியையும் ஓர் அடுக்காகச் சேர்த்து அதற்கும் 75 போடுங்கள், மொத்தம் 300 ஆகும்.

#16 துடுப்பு

300 புள்ளிக்கு ஐந்து இறக்கம் என்றால் 1,500 படம். உதிரி மின்கலமும் உதிரிக் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் சிலேட்டில் எழுதி முதல் படமாக எடுத்துவிட்டு இறக்குங்கள். பின்னர் எந்தப் படம் எந்தப் புள்ளி என்று தேட வேண்டியிருக்காது.